ஒரு படி ஊசி

அன்புள்ள தம்பிக்கு,

  உங்கள் பெயரையும் ஊரையும் இந்த மடலில் எழுதவில்லை. "தெரிஞ்சவங்க தெரிஞ்சுப்பாங்க சார், மத்தவங்களுக்கு எதுக்கு?" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் தபாலில் போட வேண்டியதை ஊர் பார்க்க எழுதுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. தை மாதம் என் கிராமபோன் தட்டுகளோடு உங்கள் வேன் எங்கள் தெருவை விட்டுத் திரும்பியதிலிருந்து, தட்டு சேர்க்கும் நண்பர்கள் எனக்குத் துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் போனை எடுத்ததும் "பெத்த பிள்ளையை வித்துட்டீங்களே" என்றார். இன்னொருவர் பணமுடையா என்று நாசூக்காகக் கேட்டு, ஐயாயிரம் அனுப்பட்டுமா என்றார். நல்ல மனிதர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியை அவர்கள் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறேன்.

முதலில் நீங்கள் வந்த நாளைச் சொல்ல வேண்டும். போன ஆடியில், பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, விலைக்கு எதுவும் கேட்க வரவில்லை, கேட்டுவிட்டுப் போக வந்தேன் என்றீர்கள். எனக்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. என் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பார்க்க வந்தவர்கள். கே.பி. சுந்தராம்பாள் இருக்கா, கிட்டப்பா இருக்கா, எம்.எஸ். சின்ன வயசில் பாடியது இருக்கா என்று உறையைப் புரட்டி லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். சாவி கொடுத்து ஒரு தட்டை முழுதாகக் கேட்டுவிட்டுப் போனவர் ரொம்பச் சொற்பம்.

நீங்கள் கேட்டது நாகஸ்வரத் தட்டுகளை மட்டும். அதுவும் பழையவை. உங்கள் கொள்ளுத் தாத்தா ஒரு நாகஸ்வர கோஷ்டியில் ஒத்து ஊதியவர்; ஒரு தடவை பட்டணத்துக்கு ரிக்கார்டு கொடுக்கப் போய் வந்ததாக வீட்டில் ஒரு பேச்சு; எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எந்த வித்வானோடு என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவுதான் உங்கள் கையில் இருந்த துப்பு. நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். லேபிளில் நாகஸ்வரக்காரர் பெயர் இருக்கும். தவில்காரர் பெயர் சிலதில் இருக்கும், பலதில் இருக்காது. ஒத்துக்காரர் பெயரை எந்த லேபிளிலும் நான் பார்த்ததில்லை. ஒத்து என்ற சுருதிக் குழலில் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. ஒரே ஒரு சுரத்தை, மூச்சு அறுந்தது வெளியே தெரியாமல், கச்சேரி முடிகிறவரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் சுருதிப்பெட்டி வந்து அந்த ஆளையே மேடையிலிருந்து இறக்கிவிட்டது. அப்படிப்பட்ட ஒருவரை அரக்குத் தட்டில் தேடுவதாவது!

இருந்தாலும், லேபிள் பாதி உரிந்துபோன அந்த ஓடியன் கம்பெனித் தட்டைப் போட்டேன். உங்களுக்கு நினைவிருக்கும். யார் வாசித்தது என்று எனக்கே தெரியாததால் ஒதுக்கி வைத்திருந்த தட்டு அது. ஊசி இறங்கியதும் கரகரப்பு, பிறகு தோடி. நான் வழக்கம்போல ராகத்தின் பின்னாலேயே போனேன். நீங்களோ கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தீர்கள். தட்டு முடிந்ததும், "சார், ரெண்டாவது நிமிஷம் போல ஒத்து லேசா நடுங்குது. அவரு மூச்சு மாத்தறாரு. திரும்பப் போடறீங்களா?" என்றீர்கள்.

முப்பது வருஷமாக என்னிடம் இருந்த தட்டு, தம்பி. அதில் ஒத்து என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. திரும்பப் போட்டேன். மூன்றாம் தடவையும் போட்டேன். நாகஸ்வரம் எங்கெங்கோ போய்விட்டு வருகிறது. கீழே அந்த ஒற்றைச் சுரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நீங்கள் சொன்ன இடத்தில், கொடியில் காயும் வேட்டி காற்றில் அசைவது போல ஒரு சின்ன நடுக்கம். அது உங்கள் கொள்ளுத் தாத்தாவின் மூச்சுதானா என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. நீங்களும் அப்படிச் சாதிக்கவில்லை. "இவரா இருந்தாலும் சரி, இவர் மாதிரி ஒருத்தரா இருந்தாலும் சரி" என்றீர்கள்.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். என் மனசைத் திருப்பியது அதுதான், நீங்கள் அறியாமல் செய்தது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் ஊசி மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். உருக்கு ஊசிக்கு ஒரு பக்கம்தான் ஆயுசு. அதற்குள் முனை மழுங்கிவிடும். அதற்கு மேல் ஓட்டினால் தட்டைச் சுரண்டும். ஒரு சின்னத் தகர டப்பாவில் 200 ஊசி வரும். தேய்ந்ததைக் கீழே போட்டால் வெறுங்காலில் ஏறும். அதனால் கிராமபோன் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் படியை வைத்து அதில் போட்டு வருவது அப்பா காலத்துப் பழக்கம். நான் ஊசியைப் போட்டதும் அது 'டிங்' என்றது. நீங்கள் படியைத் தூக்கி விளிம்பைத் தடவி, "இதுல என்னமோ குத்தியிருக்கே சார், இது எந்த வருஷத்துப் படி?" என்றீர்கள்.

எனக்குத் தெரியவில்லை. அறுபத்தெட்டு வயசு வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்த படி, ஆனால் பதில் தெரியவில்லை.

நீங்கள் போன பிறகு ஒரு பழைய நாளிதழை விரித்துப் படியைக் கவிழ்த்தேன். மேலே தூசி படிந்த ஊசிகள், நடுவில் துருப்பிடித்தவை, அடியில் ஒட்டிக்கொண்டு கட்டியாகிப் போனவை. தாலுகா ஆபீஸில் கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? சமையலறைத் தராசில் நூறு ஊசியை நிறுத்தேன், 17 கிராம். மொத்தத்தையும் நிறுத்தேன், ஒரு கிலோ 900-க்குச் சற்றுக் கீழே. சுமார் 11,000 ஊசி. பக்கத்துக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தால் 550 மணி நேரம். இருபத்துமூன்று நாள் கூட முழுசாக இல்லை. அப்பாவும் நானும் சேர்ந்து எழுபது வருஷம் போலப் பாட்டுக் கேட்டதாகச் சொல்லிக்கொண்டதன் மொத்த அளவு அவ்வளவுதான். 611 தட்டு சேர்த்த நேரம், அதற்காக அலைந்த நேரம், அட்டவணை எழுதிய நேரம், துடைத்த நேரம் எல்லாம் இதைவிடப் பல மடங்கு. மேலே கிடந்த தூசிப் படலம் வேறு ஒன்றைச் சொன்னது. நீங்கள் வருவதற்கு முன் ஐந்தாறு வருஷமாக நான் ஒரு தட்டைக்கூட முழுதாகக் கேட்டிருக்கவில்லை. வந்தவர்களுக்கு ஓட்டிக் காட்டியதோடு சரி.

நண்பர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். பிள்ளையை விற்கவில்லை. பிள்ளையோடு பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன் என்று அந்தப் படி கணக்குக் காட்டியது.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதையை உங்களிடம் பாதிதான் சொன்னேன். அப்பாவுக்குப் பாபநாசத்தில் மளிகைக் கடை. '52 புயலுக்கு அப்புறம் எங்கள் பக்கத்துப் பண்ணைகள் பல ஆட்டம் கண்டன. ஒரு பண்ணை வீட்டில் இரண்டு வருஷம் மளிகைக் கணக்கு தீர்க்கவில்லை. கடைசியில் ஒரு மாட்டு வண்டியில் புனல் வைத்த கிராமபோனும் 38 தட்டும் கடை வாசலில் வந்து இறங்கின. "இத வச்சிக்கிட்டுக் கணக்கை அடிச்சிடச் சொன்னாங்க" என்றாராம் வண்டிக்காரர். அப்பா ஒரு ராத்திரி யோசித்துவிட்டுப் பேரேட்டில் குறுக்கே ஒரு கோடு போட்டார். கடனுக்கு அளந்து கொடுத்த அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இப்படிப் பாட்டாகத் திரும்பி வந்தது. அளந்தது இதே படியால்தான். எனக்கு விவரம் தெரிந்தபோது படி கடையை விட்டு வீட்டுக்கு வந்து ஊசி வாங்கிக்கொண்டிருந்தது.

மிச்சத்தை எல்லாம் நான் சேர்த்தேன். மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்னால், பட்டணம் போகிற சாக்கு கிடைத்த போதெல்லாம் அங்கேதான் கிடப்பேன். புத்தகக் கடைகளுக்கு நடுவே சாக்கில் அடுக்கி வைத்துத் தட்டு விற்பார்கள். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து, விரல் நகத்தால் விளிம்பைத் தட்டிச் சத்தம் கேட்டு, விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். நல்ல தட்டு மண்பானை போலக் கணீரென்று சொல்லும். விரிசல் விட்டது 'தொப்' என்னும். அரக்குப் பூச்சி கொடுத்த பிசினில் கல்மாவும் கரியும் கலந்து அழுத்தியது. கை நழுவினால் அப்பளம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டும் சேர்ந்து போய்விடும். இது தெரியாமல் ஒரு புண்ணியவான் துடைத்துப் பளபளவென்று விற்ற தட்டு ஒன்றை நான் வாங்கி ஏமாந்தேன். ஊசி வைத்தால் வெறும் காற்று.

அந்த நாளில் கிடைத்ததுதான் கோயம்புத்தூர் தாயியின் தட்டு. நீங்கள் அதை உறையிலிருந்து எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டதைக் கவனித்தேன். அந்த அம்மாள் பாடிய தட்டு மொரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் காதில் விழுந்தது.  பின்னால் அவர் அதிலிருந்து 'ராகமாலிகா' என்று குரலுக்கும் பியானோவுக்குமாக ஒன்று எழுதினார். நம் ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாத குரல் அது. 1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் துரை பாடகி கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தபோது, தட்டை அழுத்தி எடுக்க ஜெர்மனியின் ஹானோவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அரக்கு இங்கிருந்து கப்பலேறிப் போய், பாட்டாகி, திரும்பக் கப்பலேறி வந்தது. 1908-இல் சியால்தாவில் தட்டு அழுத்தும் ஆலை வந்த பிறகுதான் அந்த அலைச்சல் குறைந்தது. இப்படிக் கதை கதையாகச் சொல்லிக்கொண்டே போவேன், நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள், அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, படிக்கு வருகிறேன்.

புளி போட்டுத் தேய்த்ததும் விளிம்பில் வரிசையாக முத்திரைகள் தெரிந்தன. சின்னச் சின்னதாக, பல்லால் கடித்த மாதிரி. வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம், பக்கத்தில் ஓர் எழுத்து. 49, 50, 51 என்று போய் 61-இல் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்கு உடனே புரிந்தது. 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1958-இலிருந்து கிலோ படிப்படியாக நுழைந்தது. '60களின் தொடக்கத்தில் படியும் ஆழாக்கும் கடையில் செல்லாதவை ஆகிவிட்டன. என் வயசுக்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். பள்ளியில் லிட்டர் படித்தோம், அடுப்படியில் உழக்கு கேட்டோம். இன்றைக்கும் என் வீட்டுக்காரி சாதம் வைப்பது ஆழாக்குக் கணக்கில்தான்.

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஏட்டில் அதற்குப் பெயர் நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதுதான் மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இதெல்லாம் வாய்ப்பாட்டில். வெளியே வந்தால் சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி. கொங்கில் வள்ளம். யாழ்ப்பாணத்தில் கொத்து, சுண்டு. ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் வேறு வேறு அளவு. தட்டில் 78 சுற்று என்பார்கள், ஆனால் பழைய பதிவுகள் பல அதற்குக் கீழே ஓடியவை. வேகத்தைச் சரியாக வைக்காவிட்டால் நான்கு கட்டையில் பாடியவர் ஐந்துக்குப் போய்விடுவார் என்று நீங்கள் சொன்னீர்களே, அதே வம்பு இங்கேயும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் காலத்து மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். அது 'ராஜகேசரி' மரக்காலுக்குச் சமம் என்றும் வெட்டி வைத்திருக்கிறார்கள். தெய்வத்தின் பெயரை வைத்ததோடு விடவில்லை, எதற்குச் சமம் என்றும் கல்லில் எழுதவேண்டி இருந்திருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே படியில் சண்டை இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

படி மேல் கிறுக்குப் பிடித்தது அப்படித்தான். முதலில் பென்ஷன் பணத்தில் இரண்டு வாங்கினேன். கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் பழசுக்குப் புதுசு மாற்றுவார்கள், உங்களுக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக ஓட்டைக் குடம், கைப்பிடி போன சொம்பு, மூக்கு உடைந்த கெண்டி. அவற்றுக்கு நடுவே படிகள், உழக்குகள். எல்லாம் எடைக்கு. அடுத்த வாரம் உலைக்குப் போய்க் குத்துவிளக்காகிவிடும். குத்துவிளக்கு நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் 1890-களில் யாரோ ஒருவர் தன் பெயரைச் சுருக்கிப் பொளித்து வைத்த உழக்கு, பித்தளை என்ற ஒரே தகுதியில் உருகப் போகிறது என்றால் கை சும்மா இருக்க மறுக்கிறது. தட்டு அப்படி இல்லை. தட்டைச் சேர்க்க இன்றைக்கு நூறு பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பதிவு செய்து வைக்க உங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். படியைத் திரும்பிப் பார்க்க ஆளைக் காணோம்.

பென்ஷன் பணம் இரண்டு ஆசைக்குப் போதாது. வீட்டில் இடமும் போதாது. "ஒரு அலமாரிதான், ஒரு பைத்தியம்தான். எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்று வீட்டுக்காரி நீதி வழங்கிவிட்டாள்.

தட்டுகளைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. முதலில் வந்தவர் ஒரு தரகர். 611-இல் எண்பதைப் பொறுக்கி எடுத்துத் தரையில் தனியாக அடுக்கினார். கிட்டப்பா, சுந்தராம்பாள், தாயி, வீணை தனம்மாள், ராஜரத்தினம் பிள்ளை. "இதுக்கு நல்ல விலை தரேன், மத்தது உங்களுக்கே நினைவுக்கு இருக்கட்டும்" என்றார். மத்தது என்பது நாடக செட்டுகள், நல்லதங்காள் கிணற்றில் பிள்ளைகளைப் போடும் அழுகை, கோமாளிப் பாட்டு, பஜனை, தட்டு விற்பதற்காகவே போட்ட விளம்பரத் தட்டு, பெயர் தெரியாதவர்கள் பாடிய தேசபக்திப் பாட்டு. சுளையைத் தின்றுவிட்டுப் பலாச்சக்கையை வீட்டுக்காரன் மடியில் போடுகிற வியாபாரம். அன்று ராத்திரிதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

நீங்கள் வந்தீர்கள். பல நாள். தை மாதப் பனியில் காலை ஆறரைக்கே வந்து, ராத்திரி வீட்டுக்காரி "சாப்பிட்டுட்டுப் போப்பா" என்று சொல்கிறவரை. ஒவ்வொரு தட்டாக, இரண்டு பக்கமும், நீங்கள் கொண்டுவந்த இயந்திரத்தில், தட்டுக்குத் தக்கபடி முள்ளை மாற்றி மாற்றி. ஒருநாள் நல்லதங்காள் ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி சுவர் தாண்டி "யாரு வீட்டுல சாவு?" என்று கேட்டதை மறக்க முடியாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்கள். கடைசியில் சொன்ன தொகை தரகர் எண்பதுக்குச் சொன்னதைவிடக் கூடுதல். அதை விடுங்கள். "பொறுக்கலை சார், மொத்தமும் எடுத்துக்கறேன், ஒத்து எதுல ஒளிஞ்சிருக்கும்னு யாருக்குத் தெரியும்" என்றீர்களே, அதற்குத்தான் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். தண்ணீர் குடிக்கப் போனதாக நினைத்திருப்பீர்கள்.

வீட்டுக்காரி தன் பழைய வாயில் புடவைகளைக் கிழித்துக் கொடுத்தாள், பத்துப் பத்தாகச் சுற்றிப் பெட்டியில் நிமிர்த்தி வைக்க. படுக்கவைக்கக் கூடாது, கீழே இருப்பது வளைந்துவிடும் என்று நான் அவளுக்கு நாற்பது வருஷமாகச் சொல்லிவந்ததை அன்றைக்கு அவள் உங்களுக்குச் சொன்னாள். வேன் போனதும் காலி அலமாரியைப் பார்த்துவிட்டு, "உங்க தட்டு போன இடத்துல இனிமே என் தட்டை அடுக்கலாம்" என்றாள். ஒரு வாரம் எவர்சில்வர் தட்டுகள் இருந்தன. பிறகு படிகள் வந்து அவற்றைத் துரத்திவிட்டன.

பணம் எங்கே போனது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்வது முறை. காரைக்குடிப் பழம்பொருள் கடைத் தெருவில் இரும்புப் பட்டை போட்ட பலா மர மரக்கால் ஒன்று. உட்புறம் நெல் உரசி உரசி ஆற்றுக் கல் போல வழவழப்பு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து பித்தளை அளவுகள். ஒரு பத்தர் வீட்டுத் தராசுப் பெட்டி, உள்ளே குன்றிமணியும் மஞ்சாடி விதையும் அப்படியே. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. மூங்கில் கணுவில் வெட்டிய ஓர் அளவு, அதன் பெயர் விற்றவருக்கும் தெரியவில்லை. ஒன்றில் ஏமாந்தேன்: 1800-களின் படி என்று நம்பி வாங்கியது, புளியும் ஏதோ திராவகமும் போட்டுக் கிழடாக்கிய புதுப்படி. தட்டில் நகத்தால் தட்டிப் பார்த்த கைக்குப் பித்தளையின் குரல் இன்னும் பழகவில்லை. இதுவரை 43 அளவுகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பித் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுகிறேன். தாலுகா ஆபீஸ் புத்தி.

அப்படி நிறுத்தபோதுதான் ஒன்று தெரிந்தது. உங்களிடம் சொல்லத் தயங்கினேன். இப்போது ஊரறியச் சொல்கிறேன்.

அப்பாவின் படியில் அடிப்பக்கம் உள்நோக்கி ஒரு சொட்டை. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து பார்த்த சொட்டை. கீழே விழுந்து அடிபட்டது என்பார்கள். வலங்கைமான் பக்கம் வாங்கிய அதே காலத்து முத்திரைப் படியோடு ஒப்பிட்டுத் தண்ணீர் நிறுத்தேன். அப்பாவின் படியில் 30 கிராம் குறைவு. மூன்று தடவை நிறுத்தேன், அதேதான். ஒரு குழந்தையின் கைப்பிடி அரிசி. படிக்கு ஒரு பிடி என்றால் இரண்டு வருஷக் கணக்கில் எத்தனை பிடி? அந்தக் கணக்கைத் தீர்க்க வந்ததுதானே பெட்டியும் 38 தட்டும்? சொட்டை முத்திரை நின்ற '61-க்கு அப்புறம் விழுந்ததாக இருக்கலாம். ஊசி போட ஆரம்பித்த பிறகு நானே சின்ன வயசில் போட்டு உடைத்ததாகவும் இருக்கலாம். இருக்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து கடைத் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்ட அப்பாவின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்..." என்று இழுத்து முதல் அளவைக் கொட்டுவார். பிறகு "ரெண்டு... மூணு..." அந்த "லாபம்" அவர் மட்டும் சொன்னதல்ல, எல்லா மண்டியிலும் அப்படித்தான். இருந்தாலும் அந்த 30 கிராமைப் பார்த்த நாளிலிருந்து அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கிறது. சொட்டையைத் தட்டி எடுத்துக் கொடுப்பதாகப் பாத்திரக் கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன்.

போன வாரம் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது வந்து சேர்ந்தது. அந்த உரிந்த லேபிள் ஓடியன் தட்டு. கரகரப்பைக் கொஞ்சம் குறைத்து, நாகஸ்வரத்தை அடக்கி, ஒத்து மேலே தெரியும்படி ஏதோ செய்திருக்கிறீர்கள். எப்படி என்று கேட்டாலும் எனக்குப் புரியாது. மூன்று நிமிஷம் பதினொரு விநாடி. போனின் சத்தம் போதவில்லை. என்ன செய்வது என்று பார்த்துவிட்டு, ஊசி எல்லாம் போய்க் காலியாக இருந்த அப்பாவின் படிக்குள் போனை நிறுத்தினேன். பழைய புனல் மாதிரி அப்படி ஒரு கனம் வந்தது சத்தத்துக்கு. வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்து வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன இது, ஒரே சத்தமா இருக்கு, பாட்டு எப்ப வரும்?" என்றாள். இதுதான் பாட்டு என்றேன். இரண்டாவது நிமிஷம் அந்த நடுக்கம் வந்தபோது அவளும் சட்டென்று என்னைப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கிவிட்டது, அது வேறு கதை.

உங்கள் பாட்டிக்கு அதைப் போட்டுக் காட்டினீர்களா? அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொன்று. அலமாரியை நகர்த்தியபோது பின்னால் ஒரு நாய் மார்க் ஊசி டப்பா கிடந்தது, பிரிக்காதது, 200-ம் அப்படியே. எனக்கு இனி அதற்கு வேலை இல்லை. கூரியரில் அனுப்பியிருக்கிறேன். டப்பாவின் மூடி துருவேறி இறுகிவிட்டது. நெம்பித் திறக்கும்போது மொத்தமும் சிதறும். கீழே ஒரு தட்டு வைத்துக்கொண்டு திறவுங்கள். பாட்டுத் தட்டு அல்ல, சாப்பாட்டுத் தட்டு.

அன்புடன்,
படிக்காரர்

(என் நண்பர்கள் வைத்த பெயர்தான். தட்டுக்காரர் என்று கூப்பிட்டவர்கள், போன மாதத்திலிருந்து இப்படி மாற்றிவிட்டார்கள்.)